நியாயமான போன்: வாங்கலாமா, வேண்டாமா?

பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் தொய்ந்துபோனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பாத்திரக் கடைக்குப் போய்ப் புது காஸ்கெட் வாங்கி மாட்டுகிறீர்கள். தையல் மெஷினில் பெல்ட் அறுந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றுகிறீர்கள். மிக்ஸி நின்றுபோனால் தெருக்கோடி ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியது போடச் சொல்கிறீர்கள். "காஸ்கெட் போய்விட்டதா? அப்படியானால் குக்கரையே தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள்" என்று ஒருவர் யோசனை சொன்னால், அவரை ஏற இறங்கப் பார்ப்பீர்கள் அல்லவா?

ஆனால் செல்போன் விஷயத்தில் மட்டும் நாம் அந்த யோசனையைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம். காலையில் சார்ஜ் செய்த போன் மத்தியானமே படுத்துவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால், "பாட்டரி உள்ளே ஒட்டியிருக்கு மேடம், பிரிச்சா ஸ்க்ரீன் போனாலும் போகும். புதுசே வாங்கிடுங்க" என்கிறார்கள். நாமும் வாங்கிவிடுகிறோம். பழைய போன் அலமாரி டிராயருக்குள், அதற்கு முன்னால் ஓய்வுபெற்ற போன்களுக்குத் துணையாகப் போய்ப் படுத்துக்கொள்கிறது.

இந்த வழக்கத்தை ஒப்புக்கொள்ளாத கம்பெனி ஒன்று நெதர்லாந்து தேசத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஃபேர்போன். நம் பாஷையில் சொன்னால் "நியாயமான போன்". பிள்ளையையோ பெண்ணையோ ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் ஏற்கனவே அடிபட்டிருக்கலாம். பெயருக்கேற்ற நியாயம் அதில் உண்டா? கொடுக்கும் பணத்துக்குத் தகுமா? இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

எடைச் சாவடியில் பிறந்த யோசனை

தராசு என்று சொன்னது பொருத்தமாகப் போயிற்று. ஆம்ஸ்டர்டாம் நகரில் 'வாக்' என்று ஒரு பழைய கட்டிடம் உண்டு. 15-ம் நூற்றாண்டில் கோட்டை வாசலாகக் கட்டப்பட்டு, பிற்காலத்தில் சாமான்களை எடை போடும் சாவடியாக மாறியது அது. அந்தப் பெயரையே தாங்கி அங்கே இயங்கிவரும் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில்தான் 2010-ம் வருஷம் இந்த முயற்சி ஆரம்பமாயிற்று. அப்போது அது கம்பெனி அல்ல, வெறும் பிரசாரம். "உங்கள் போனுக்குள் இருக்கும் உலோகம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது, யார் தோண்டியது என்று தெரியுமா?" என்று ஜனங்களைக் கேட்பதுதான் அதன் வேலை.

பிரசாரம் செய்தவர்களில் முக்கியமானவர் பாஸ் வான் ஆபெல் என்ற வடிவமைப்பாளர். வெளியே நின்று குற்றம் சொல்வதைவிட, தாங்களே ஒரு போனைச் செய்து பார்த்தால்தான் உள் விவகாரம் புரியும் என்று அவரும் கூட்டாளிகளும் தீர்மானித்தார்கள். 2013-ல் கம்பெனி உருவாயிற்று. போனைக் கண்ணால் காணும் முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் முன்பணம் கட்டினார்கள். முதல் மாடல் சுமார் 60,000 விற்றது. பிறகு ஒவ்வொன்றாக மாடல்கள் வந்து, 2025 ஜூன் மாதத்தில் ஆறாவது தலைமுறைப் போன் வெளியாகியிருக்கிறது. வெளியானபோது அதன் விலை 599 யூரோ.

போனுக்குள் என்ன இருக்கிறது?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அந்த வெள்ளீயம் உங்கள் போனுக்குள்ளும் இருக்கிறது. உள்ளே உள்ள நுண்ணிய பாகங்களைப் பற்றவைப்பது அதுதான். போன் 'விர்' என்று அதிர்வதற்கு உதவுவது டங்ஸ்டன். மின்சாரத்தைச் சேமித்துத் தரும் பொடிப் பொடிப் பாகங்களில் டாண்டலம் என்ற உலோகம். இணைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கம். பாட்டரியில் கோபால்ட்.

இந்தப் பட்டியலைப் படிக்கச் சுலபமாக இருக்கிறது. இவற்றைத் தோண்டுகிறவர்களின் கதை அப்படி இல்லை. உலகத்தில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் சுமார் 70 சதவிகிதம் ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. பெரிய யந்திரச் சுரங்கங்கள் ஒரு பக்கம். மறுபக்கம், கையில் கடப்பாரையும் மண்வெட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, முட்டுக் கொடுக்காத குழிகளில் இறங்கும் ஏழைகள். அங்கே சிறு குழந்தைகளும் கல் பொறுக்கிக் கழுவிச் சுமப்பதை ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் ஸ்தாபனம் 2016-ம் வருஷ அறிக்கையில் விவரமாக எழுதியது. அதே தேசத்தின் கிழக்குப் பகுதியில் ஆயுதக் கும்பல்கள் சுரங்கங்களைக் கைப்பற்றி, அதில் வரும் காசைக்கொண்டே துப்பாக்கி வாங்கின.

"அப்படியானால் காங்கோவிலிருந்து வாங்காமல் இருந்துவிட்டால் போகிறது!" என்று தோன்றும். பல கம்பெனிகள் அப்படித்தான் செய்தன. இத்தகைய உலோகங்கள் எங்கிருந்து வந்தன என்று விசாரித்துக் கணக்குக் காட்டும்படி 2010-ல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியதும், அந்த வம்பே வேண்டாம் என்று காங்கோ பக்கமே தலை வைத்துப் படுக்காமல் ஒதுங்கினார்கள். விளைவு? ஆயுதக் கும்பலோடு சம்பந்தமில்லாத ஏழைச் சுரங்கத் தொழிலாளிகளின் அடுப்பும் அணைந்தது.

ஃபேர்போன்காரர்கள் இங்கேதான் வேறு வழியில் போனார்கள். காங்கோவை விட்டு ஓடாமல், ஆயுதக் கும்பல்களின் பிடியில் இல்லாத சுரங்கங்களைத் தேடி, முதல் போனிலேயே அங்கிருந்து வெள்ளீயமும் டாண்டலமும் சேர்த்தார்கள். இரண்டாவது மாடலுக்கு, பெரு தேசத்தில் நியாய வர்த்தகச் சான்று பெற்ற தங்கத்தையும், ருவாண்டாவின் டங்ஸ்டனையும் தேடிப் பிடித்தார்கள். 2020-ல் கோபால்ட் தோண்டுகிறவர்களின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட ஒரு கூட்டமைப்பின் ஸ்தாபகர்களில் ஒருவராகச் சேர்ந்தார்கள்.

போனைப் பூட்டுகிறவர்களையும் மறக்கவில்லை. மூன்றாவது மாடல் வந்தபோது, சீனாவில் சூஜோ நகரத் தொழிற்சாலையின் சிப்பந்திகளுக்கு, சம்பளத்துக்கும் கௌரவமான வாழ்க்கைச் செலவுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க ஒரு போனஸ் ஏற்பாடு செய்தார்கள். அதற்காக ஒரு போனுக்கு ஆன செலவு எவ்வளவு தெரியுமா? இரண்டு டாலருக்கும் குறைவு! நானூறு ஐந்நூறு யூரோ விலையுள்ள ஒரு சாமானில், செய்தவர்களின் சம்பளம் உயர்வதற்கு இவ்வளவு போதும் என்றால், மற்றவர்கள் ஏன் கொடுப்பதில்லை என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

பாகம் பாகமாகக் கழற்றலாம்

புதிய போனில் 12 பாகங்களைச் சொந்தக்காரரே மாற்றிக்கொள்ளலாம். ஸ்க்ரீன், பாட்டரி, காமிரா, ஒலிபெருக்கி, சார்ஜ் செருகும் துளை எல்லாம் தனித்தனி. பசை போட்டு ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் போதும். பாட்டரி சுமார் 40 யூரோ, ஸ்க்ரீன் சுமார் 90 யூரோ என்று கம்பெனியே விற்கிறது. சார்ஜ் துளை கெட்டுப்போனால் 20 யூரோவுக்குள் முடிந்துவிடுகிறது.

சாமான்களைப் பிரித்துப் பார்த்து மார்க் போடும் ஐஃபிக்ஸிட் என்ற அமெரிக்க ஸ்தாபனம் ஒன்று உண்டு. 2015-ல் வந்த ஃபேர்போன் இரண்டாவது மாடலுக்கே அது ரிப்பேர் விஷயத்தில் 10-க்கு 10 போட்டது. ஆறாவது தலைமுறையும் அதே மார்க்கை வாங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் வாங்குகிறவர்களுக்கு ஐந்து வருஷ உத்தரவாதமும் உண்டு.

உயிர் போவது எதனால்?

ரிப்பேர் செய்ய முடிந்தால் போதுமா? போதாது. அநேகப் போன்கள் உடம்பு கெட்டுச் சாவதில்லை. மூளைக்கு உணவு கிடைக்காமல் சாகின்றன. போனை நடத்தும் சாப்ட்வேருக்கு அவ்வப்போது புதுப்பிப்பு வர வேண்டும். அது நின்றுவிட்டால் திருடர்களுக்குக் கதவைத் திறந்துவைத்ததுபோல் ஆகிவிடும். வங்கிக் கணக்குச் செயலிகள் ஒவ்வொன்றாக, "இந்தப் போனில் நாங்கள் வேலை செய்ய மாட்டோம்" என்று கைவிரிக்கும். உள்ளே இருக்கும் சிப்பைச் செய்த கம்பெனி சில வருஷங்களில் தன் ஆதரவை நிறுத்திக்கொள்வதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

ஃபேர்போனும் இந்தப் பள்ளத்தில் விழுந்ததுண்டு. நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பி ஜனங்கள் வாங்கிய முதல் மாடலுக்கு, சிப்பின் சாப்ட்வேர் ரகசியங்கள் கையில் இல்லாததால் புதுப்பிப்புக் கொடுக்க முடியாமல் திண்டாடினார்கள். மாற்றுப் பாகங்களும் கிடைக்கவில்லை. 2017-ல் அந்த மாடலைக் கைவிட வேண்டியதாயிற்று. முன்பணம் கட்டி நம்பியவர்களுக்கு இது சின்ன ஏமாற்றமா?

ஆனால் அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2015 டிசம்பரில் வந்த இரண்டாவது மாடலை, சிப் கம்பெனி ஆதரவை நிறுத்திய பிறகும் தாங்களே முயன்று 2023 மார்ச் வரை, அதாவது ஏழு வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார்கள். 2023-ல் வந்த ஐந்தாவது மாடலுக்குத் தொழிற்சாலைக் கருவிகளில் போடுகிற, நீண்ட கால ஆதரவுள்ள சிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். புதிய போனுக்கு 2033 வரை, எட்டு வருஷம் சாப்ட்வேர் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுபக்கம்

இவ்வளவு நேரம் புகழ்ந்தாயிற்று. இனி குறைகளையும் ஒளிக்காமல் பார்ப்போம்.

முதலாவது விலை. அதே 599 யூரோவுக்குப் பெரிய கம்பெனிகளிடம் இன்னும் வேகமான போனும், இன்னும் தெளிவான காமிராவும் கிடைக்கும். கல்யாண வீட்டில் இருட்டு மூலையில் நிற்கும் பாட்டியைப் பளிச்சென்று படம் பிடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது முதல் தேர்வாக இராது.

இரண்டாவது, தண்ணீர். மழைச் சாரலைத் தாங்கும். வாளியில் விழுந்தால் தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது, கொள்கையிலேயே சில சறுக்கல்கள். 2021-ல் நாலாவது மாடல் வந்தபோது இயர்போன் செருகும் துளையை எடுத்துவிட்டார்கள். அதே சமயத்தில் கம்பியில்லா இயர்போனையும் விற்க ஆரம்பித்தார்கள். "வீட்டிலுள்ள நல்ல இயர்போனைத் தூக்கி எறியச் சொல்வதா உங்கள் நியாயம்?" என்று சொந்த வாடிக்கைக்காரர்களே சண்டைக்கு வந்தார்கள். முந்தைய மாடல்களில் நகத்தால் மூடியைத் திறந்து பாட்டரியை மாற்றிவிடலாம். புதிய மாடலிலோ அதற்கும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட வேண்டியிருக்கிறது.

நாலாவது, பெயர். நூற்றுக்கு நூறு நியாயமான போன் என்று ஒன்றைச் செய்யவே முடியாது என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. ஒரு போனில் எத்தனையோ உலோகங்கள். ஒவ்வொன்றும் எத்தனையோ கை மாறி வருகிறது. எல்லாவற்றையும் மூலம் வரை தேடிப்பிடிப்பது எந்தச் சின்னக் கம்பெனிக்கும் சாத்தியமில்லை. அவர்கள் விற்பது வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் போன். உலகத்தில் விற்பதோ நூறு கோடிக்கும் மேல். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

ஐந்தாவது, போட்டி. கூகிள் 2023 அக்டோபரிலும், சாம்சங் 2024 ஜனவரியிலும் தங்கள் உயர்ந்த ரகப் போன்களுக்கு ஏழு வருஷ சாப்ட்வேர் என்று அறிவித்துவிட்டன. ஒரு காலத்தில் ஃபேர்போனுக்கு மட்டுமே உரியதாக இருந்த பெருமை இப்போது பங்கு போடப்பட்டுவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் நீங்கள். பென்சிலை எடுங்கள்.

300 யூரோ விலையுள்ள சாதாரணப் போனை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிற குடும்பத்துக்கு எட்டு வருஷத்தில் மூன்று போன், 900 யூரோ. ஃபேர்போன் வாங்கினால் 599. நடுவில் இரண்டு பாட்டரிக்கு 80. ஒரு தடவை ஸ்க்ரீன் உடைந்ததற்கு 90. மொத்தம் 769. லாபம் 131 யூரோ.

சந்தோஷப்படுவதற்குள் அடுத்த வரியையும் எழுதுங்கள். அதே 300 யூரோப் போனை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டுகிறவருக்கு எட்டு வருஷத்துக்கு இரண்டு போன், 600 யூரோதான் செலவு. அவருக்கு ஃபேர்போனால் பண லாபம் இல்லை. ஃபேர்போனை ஆசையாக வாங்கி, மூன்றாம் வருஷமே அலுத்துப்போய் மாற்றுகிறவருக்கோ நஷ்டம் கண்கூடு.

சுற்றுப்புறக் கணக்கும் இதே மாதிரிதான். ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும் பங்கு அதைச் செய்யும்போதே உண்டாகிவிடுகிறது. நாம் சார்ஜ் செய்வதால் வருவது கொஞ்சம். ஆகவே நாலாவது மாடலை ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆராய்ச்சிக் கழகத்தார் ஆராய்ந்தபோது, மூன்று வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷம் உபயோகித்தால் வருஷாந்தரப் பாதிப்பு சுமார் 30 சதவிகிதம் குறையும் என்று கண்டார்கள். கவனியுங்கள்: வாங்குவதால் குறைவதில்லை, வைத்துக்கொள்வதால் குறைகிறது. 2022-ம் வருஷத்தில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்சாதனக் குப்பையைக் கொட்டியிருக்கிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவந்தது கால் பங்குகூட இல்லை என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்கிறது.

சட்டம் வந்துவிட்டது

ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் எல்லாக் கம்பெனிகளுக்கும் புதிய சட்டம் அமலாகியிருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் மாற்றுப் பாகங்கள் கிடைக்க வேண்டும். ஐந்து வருஷம் சாப்ட்வேர் தர வேண்டும். பாட்டரி 800 தடவை சார்ஜ் செய்த பிறகும் தன் சக்தியில் 80 சதவிகிதத்தைக் காப்பாற்ற வேண்டும். ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்பதை லேபிளிலேயே போட வேண்டும். ஒரு சின்னக் கம்பெனி வாடிக்கைக்காரர்களுக்குச் சலுகையாகக் கொடுத்து வந்தவற்றில் பல, இன்று அங்கே எல்லோருக்கும் உரிமையாகிவிட்டன.

நம் நாட்டிலும் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, ரிப்பேர் உரிமை பற்றி ஆலோசனை சொல்ல ஒரு கமிட்டி அமைத்தது. அந்த வருஷக் கடைசியில் அதற்கென ஒரு வலைத்தளமும் திறந்தது. கட்டாயச் சட்டம் என்ற இடத்துக்கு விஷயம் இன்னும் போகவில்லை.

யார் வாங்கலாம்?

ஐரோப்பாவில் இருக்கும் உங்கள் பெண்ணோ பிள்ளையோ, "அம்மா, இந்தப் போன் வாங்கட்டுமா?" என்று கேட்டால், பதிலுக்கு இரண்டு கேள்வி கேளுங்கள். "இப்போது இருக்கிற போன் நன்றாக ஓடுகிறதா?" ஓடுகிறது என்றால் எந்தப் புதுப் போனும் வேண்டாம், ஃபேர்போனும் வேண்டாம். ஓடவில்லை என்றால் அடுத்த கேள்வி: "ஏழெட்டு வருஷம் இதையே வைத்துக்கொள்வாயா?" தயங்காமல் 'வைத்துக்கொள்வேன்' என்றால் தாராளமாக வாங்கட்டும். காமிராவும் வேகமும்தான் முக்கியம் என்றால் வேண்டாம்.

நம் ஊருக்கு வரும்போது எனக்கும் ஒன்று வாங்கி வா என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கம்பெனி இந்தியாவில் போன் விற்பதில்லை. பாகம் மாற்ற வேண்டியிருந்தால் ஐரோப்பாவிலிருந்து யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும். பாகம் கிடைக்காத ஊரில் ரிப்பேர் செய்யத்தக்க போனை வாங்குவது, காஸ்கெட் விற்காத ஊரில் குக்கர் வாங்கிய கதைதான்.

ஆனால் அவர்களுடைய கேள்விகளை நாம் கடன் வாங்கலாம். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது காமிராவைப் பற்றிக் கேட்பதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள்: "எத்தனை வருஷம் சாப்ட்வேர் வரும்? பாட்டரி மாற்ற என்ன ஆகும்? ஸ்க்ரீன் உடைந்தால் கம்பெனி ஸ்க்ரீன் எங்கே கிடைக்கும்?" விற்கிறவர் விழிக்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

கையில் இருக்கும் போனுக்கும் கொஞ்சம் உபசாரம் செய்யுங்கள். நல்ல உறை போடுங்கள். வெயிலிலும் அடுப்பு மேடையிலும் வைக்காதீர்கள். பாட்டரி தளர்ந்தால் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் விலை விசாரியுங்கள். புதுப் போனின் விலையில் அது ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும். உபயோகமில்லாத பழைய போன்களை டிராயரிலிருந்து எடுத்து, உள்ளே உள்ள படங்களையும் விவரங்களையும் அழித்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்குப்பை நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். அதில் உள்ள தங்கமும் கோபால்ட்டும் மறுபடி உபயோகத்துக்கு வந்தால், அந்த அளவுக்கு ஒரு குழி ஆழம் குறையும்.

வாங்கிய போனை இன்னும் இரண்டு வருஷம் கூடுதலாக வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம், 599 யூரோவும் வேண்டாம். அதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.